பல குரல், ஒரு பாட்டு



சென்ற திங்கள் திண்டுக்கல்லிலிருந்து என் தாயார் பாலக்காட்டிற்கு வந்திருந்தார். இங்கேயே பிறந்து வளரும் என் இளைய மகள், "பாட்டி, குடிக்க வெள்ளம் வேண்டும்" என்றாள். "வீட்டுக்குள் வெள்ளம் வந்தால் நாம் எங்கே போவது, கண்ணு?" என்று பாட்டி சிரித்தார். பின்னர் என்னிடம் தனியே, "பேத்தியின் நாவிலிருந்து தமிழ் போய்விடும் போலிருக்கிறதே" என வருந்தினார். மூணாற்றிலும் பீர்மேட்டிலும் தேயிலைத் தோட்டங்களில் வாழும் நம்மவர் பலருக்கும் இக்கவலை உண்டு.

இந்நிலையில், இசையார்வம் மிக்க நண்பர் ஒருவர் பிரான்சு நாட்டுப் பழம்பாட்டு ஒன்றைக் கேட்கச் செய்தார். மோட்டெட் என்பது அவ்வகையின் பெயர். 13ஆம் நூற்றாண்டில் பாரிஸ் நகரில் தழைத்தது. நம் கச்சேரியில் எத்தனை பேர் சேர்ந்து பாடினாலும் இசை செல்லும் வழி ஒன்றே. மோட்டெட்டிலோ இரண்டு மூன்று குரல்கள், வெவ்வேறு மெட்டில், வெவ்வேறு சொற்களை ஒரே நேரத்தில் பாடுகின்றன. அடிக்குரலுக்கு டெனோர் என்று பெயர்; தாங்கிப் பிடித்தலைக் குறிக்கும் லத்தீன் சொல்லினின்று வந்தது. தேவாலயப் பாடலிலிருந்து எடுத்த சிறு இசைத்துண்டை அது நீட்டி நிறுத்த, மேற்குரல்கள் அதன்மேல் விரைந்தோடும். வியப்பு யாதெனில், பல பாட்டுகளில் அடிக்குரல் லத்தீன், மேற்குரல்கள் பிரெஞ்சு! ஒன்றையொன்று விழுங்காமல் அவை உரிய இடங்களில் இசைந்து கூடுகின்றன.

1377இல் மறைந்த கவிஞர் கியோம் டி மாஷோவின் காலத்தில் இக்கலை மேலும் நுட்பமுற்றது. டெனோரின் தாள அமைப்பு திரும்பத் திரும்ப வரும். சில பாட்டுகளின் பிற்பகுதியில் அதன் அளவு பாதியாகச் சுருங்கும்.

இதனை அறிந்ததும் நம் திருவிழாப் பஞ்சவாத்தியம் என் நினைவில் எழுந்தது. அதிலும் முதற்காலத்தில் 896 அட்சரம். பிறகு 448, 224, 112, 56 எனப் பாதி பாதியாகக் குறையும். திமிலை சொல்ல, மத்தளம் மறுமொழி கூற, இடக்கை இழைய, இலத்தாளம் அளவு காக்க, கொம்பு முழங்கும். அங்கே மெட்டுகள் கூடுகின்றன. இங்கே தாளங்கள் கூடுகின்றன. 1930களில் இதற்கு இன்றைய வடிவம் தந்தோருள் முதன்மையானவர் திருவில்வாமலை வெங்கிச்ச சுவாமி. தமிழ்க் குடும்பத்தில் தோன்றிய மத்தளக் கலைஞர் அவர். திமிலை வல்லுநர் அன்னமனட அச்சுத மாரார் போன்றோர் அப்பணியில் துணைநின்றனர். சுவாமி தம் மத்தளத்தையும் விடவில்லை, திமிலையையும் அடக்கவில்லை.

நம் இல்லங்களிலும் அவ்வாறே மலையாளம் விரைந்தோடட்டும். தமிழ் தாங்கி நிற்கட்டும். ஆனால் தாங்கும் குரல் தானே ஒலிக்காது. ஒருவர் மூச்சுப் பிடித்துப் பாடவேண்டும். இரயில்வே அலுவலகத்திலிருந்து களைத்து வந்து, மகளிடம் நான் தமிழில் பேசிய நேரம் எவ்வளவு? குறை அவளுடையதன்று.

இப்பொழுது ஞாயிறுதோறும் அவள் என்னருகில் அமர்ந்து பாட்டிக்குத் தமிழில் கடிதம் எழுதுகிறாள். முதற் கடிதத்தின் கடைசி வரிகள் இவை: "பாட்டி, ஆற்றில் வெள்ளம், குடத்தில் தண்ணீர். பள்ளிக்கூடத்தில் மட்டும் குடத்திலும் வெள்ளம்."