தேதி கேட்கிறது கணினி

ஏப்ரல் 14 நெருங்கும்போது மாணவத் தோழர்கள் கணினியில் காலக்கோடு போடுகிறார்கள். நல்ல வேலை. அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழக நைட் லேப் உருவாக்கிய டைம்லைன்ஜேஎஸ் காசில்லாமல் கிடைக்கிறது. கூகுள் ஷீட்டில் ஆண்டு, தலைப்பு, விவரம் என்று நிரப்பினால் கோடு தயார்.

ஆனால் தோழர்களே, ஆண்டு இல்லாத எந்த நிகழ்வையும் அது ஏத்துக்காது. ஆண்டு யாரிடம் இருக்கிறது? கெஜட்டையும் கோர்ட்டையும் கையில் வைத்திருந்தவர்களிடம். அதனால்தான் நாம் போடும் கோட்டிலும் தீர்மானமும் சட்டமுமே வரிசையாக நிற்கின்றன. அனுபவித்தவர்கள் காணோம்.

மகாத்தை எடுத்துக்கொள்வோம். பொதுக் குளங்கள் எல்லோருக்கும் என்று பம்பாய் சட்டமன்றம் 1923இல் தீர்மானம் போட்டது. மகாத் நகராட்சியும் 1924இல் ஒப்புக்கொண்டது. தாளில் குளம் திறந்தாச்சு. 1927 மார்ச் 20இல் அம்பேத்கரோடு போய் சவுதார் குளத்தில் தண்ணீர் குடித்தவர்களுக்கு அடிதான் விழுந்தது. குளத்துக்குத் 'தீட்டு' கழித்தார்கள். வழக்கும் போட்டார்கள். பம்பாய் உயர் நீதிமன்றம் நம் பக்கம் தீர்ப்புச் சொன்னது 1937இல். நம்ம காலக்கோட்டில் இது 1927இல் ஒரே ஒரு புள்ளி. புள்ளியா இது? 14 வருஷத் தாகம்.

இதைச் சரியாகக் காட்ட அந்த மென்பொருளிலேயே வழி இருக்கு என்பதுதான் நான் சொல்ல வருவது. முடிவுத் தேதிக்கு ஒரு கட்டம் உண்டு. நிரப்பினால் புள்ளி பட்டையாக நீளும். நிகழ்வுகளைப் பிரிக்க ஒரு கட்டம் உண்டு. சட்டத்தை ஒரு வரிசையிலும், ஊரில் நடந்ததை இன்னொரு வரிசையிலும் வையுங்கள். இரண்டுக்கும் நடுவே எத்தனை வருஷம் என்று கண்ணுக்குத் தெரியட்டும். தேதியைச் சொல்லால் எழுதவும் ஒரு கட்டம் உண்டு. நாகைப் பக்கத்துப் பாட்டி "புயலடிச்சதுக்கு மறுவருஷம்" என்று 1977 புயலைச் சொன்னால், கணக்குக்கு 1978 போடுங்கள். படிக்கிறவர் கண்ணில் படுவது பாட்டியின் சொல்லாகவே இருக்கட்டும். யார் சொன்னது, ஆண்டு தோராயமா என்பதையும் விவரத்தில் எழுதிவிடுங்கள். இல்லாத தேதியை உறுதியான தேதிபோலக் காட்டினால் எதிரி அதைத்தான் முதலில் பிடிப்பான்.

நூலகத்துக்குப் போங்க, வேண்டாங்கல. அதுக்கு முன்னாடி சேரிக்குப் போங்க. உட்கார்ந்து கேளுங்க. குரலைப் பதிவு பண்ணுங்க. கெஜட் அடுத்த வருஷமும் அலமாரியில இருக்கும். பாட்டி இருப்பாங்களா?