விளக்கை அணையுங்கள்!

அமெரிக்காவில் பலர் வீட்டுக் கண்ணாடித் தொட்டியில் பவளம் வளர்க்கிறார்கள். பவளம் செடி அல்ல, பிராணி! அதன் உடலுக்குள் கண்ணுக்குத் தெரியாத பாசி குடியிருக்கிறது. வெளிச்சம் பட்டால் அந்தப் பாசி உணவு தயாரித்துப் பவளத்துக்கும் கொடுக்கிறது.

அதற்காக விளக்கை இரவு பகலாக எரிய விடலாமா? கூடாது. விருந்தாளிக்குக் காட்ட நள்ளிரவிலும் விளக்குப் போடுகிறவர்கள் உண்டு! மீன் தின்னாமல் விட்ட தீனி தண்ணீரில் கரையும். அந்தச் சத்தையும் மிதமிஞ்சிய வெளிச்சத்தையும் கொண்டு வேண்டாத பாசி தழைக்கும். பச்சை நூல் போலப் படர்ந்து, பவளத்தை மூடிவிடும்.

உடனே மருந்து வாங்கி ஊற்றுவது சரியல்ல. செத்த பாசி அழுகினால் மீனுக்கும் ஆபத்து. ஒரேயடியாக இருட்டாக்கினாலோ பவளம் பட்டினி கிடக்கும். தினமும் 8 மணி நேர வெளிச்சம் போதும். தீனியைக் குறைத்து, வாரந்தோறும் பத்தில் ஒரு பங்கு நீரை மாற்றினால் மருந்துச் செலவு மிச்சம்.