வட்டமும் ஓர் அங்குலமும்

இராயபுரத்துப் பட்டறை ஒன்றில் சென்ற வாரம் ஒரு சிறு விவகாரம் நடந்தது. ஏழு அடி விட்டமுள்ள வட்ட மரத்தொட்டிக்கு இரும்புப் பட்டை போடவேண்டும். தகப்பனாருடன் வந்திருந்த பள்ளிக்கூடப் பையன், "விட்டத்தை 22-ஆல் பெருக்கி 7-ஆல் வகுக்க வேண்டும், சரியாக 22 அடி" என்றான். கொல்லர் பட்டையைச் சுற்றிப் பார்த்தார். "ஒரு நூல் போலக் கூடுதலாக இருக்கிறதே, தம்பி!" என்றார்.

கொல்லர் சொன்னதே மெய். 22/7 என்பது வட்டத்தின் உண்மை விகிதம் அன்று. அதற்கு அண்டை வீட்டுக்காரர். ஏழு அடி விட்டத்துக்கு உண்மைச் சுற்றளவு 22 அடியைவிடப் பத்தில் ஓர் அங்குலத்துக்குச் சற்றே மிகுதியாகக் குறையும்.

பரப்புக்குக் கணக்கதிகாரம் கூறும் வழி எளிது: பாதிச் சுற்றளவைப் பாதி விட்டத்தால் பெருக்குக. இத்தொட்டிக்குப் பதினொன்றை மூன்றரையால் பெருக்க, முப்பத்தெட்டரைச் சதுர அடி. காரணம் வேண்டுமா? தோசையைப் பல கீற்றுகளாக அறுத்து, ஒன்றை மேல்நோக்கியும் அடுத்ததைக் கீழ்நோக்கியும் வரிசையாக அடுக்கிப் பாருங்கள். நீள்சதுரம் போலாகும். அதன் நீளம் பாதிச் சுற்றளவு. அகலம் பாதி விட்டம்.

22/7-ஐவிட நெருங்கிய அண்டை வீட்டுக்காரர் ஒருவர் உண்டு. 113355 என்று எழுதி நடுவே பிரியுங்கள்: 355/113. இதைக் கையாண்ட ஒருவர் இராயபுரத்துக்குத் தெற்கே, சென்னைத் துறைமுகக் காரியாலயத்தில் இருந்தார். 1912 மார்ச்சு மாதம் முப்பது ரூபாய்ச் சம்பளத்தில் குமாஸ்தாவாக அமர்ந்த ஸ்ரீநிவாஸ ராமாநுஜன்தான் அவர்.

வட்டத்துக்கு நிகரான பரப்புள்ள சதுரத்தைக் கோலும் கவராயமும் கொண்டு வரைவது பற்றி அவர் எழுதிய சிறு குறிப்பு, 1913-ல் இந்தியக் கணித சங்கத்தின் பத்திரிகையில் வெளியாயிற்று. பிழையின்றி அவ்வாறு வரைய இயலாதென்று ஜெர்மானியரான லிண்டெமன் 1882-லேயே நிரூபித்திருந்தார். ஆகவே ராமாநுஜன் 355/113-க்கு ஒத்த சதுரத்தை வரைந்து காட்டி, அதில் எவ்வளவு பிழை என்பதையும் சொன்னார். வட்டத்தின் பரப்பு 1,40,000 சதுர மைலானால், ஏறத்தாழ 374 மைல் நீளமுள்ள சதுரப் பக்கம் சுமார் ஓர் அங்குலமே மிகும்! அன்றைய சென்னை மாகாணத்தின் பரப்பும் கிட்டத்தட்ட அவ்வளவே.

உங்கள் குழந்தை 22/7 என்று ஒப்பிக்கும்போது ஒரு கயிற்றைக் கொடுத்து, வீட்டு அண்டாவை அளக்கச் சொல்லுங்கள். விடை வந்ததும், "இதில் பிழை எவ்வளவு?" என்று கேளுங்கள். கணக்கு அங்கேதான் ஆரம்பமாகிறது.