காரின் மூளையும் கடற்கரைக் காற்றும்

மோட்டார்ப் பந்தயம் என்றதும், "அது செல்வர் வீட்டுப் பிள்ளைகளின் பொழுதுபோக்கு, அரசு கலைக் கல்லூரி மாணவனுக்கு அதில் என்ன வேலை?" என்று கேட்போர் நம்மிடையே உண்டு. கேள்வி நியாயமானதே. ஆனால் பந்தயக் காரில் நேற்று நடந்தது, இன்று நம் வீட்டு வாசலில் நிற்கும் இரு சக்கர வண்டிக்கு வந்து சேர்ந்துவிட்டது. 2020 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் 6 விதிகள் நடைமுறைக்கு வந்தபின், புதிய மோட்டார் சைக்கிள்களில் கார்புரேட்டர் ஏறக்குறைய மறைந்தே போயிற்று. பெட்ரோலை எப்போது, எவ்வளவு தெளிப்பது என்பதை இப்போது முடிவு செய்வது ஒரு சிறு கணிப்பொறி. இ.சி.யு. என்பது அதன் பெயர். புதுப்பட்டினத்திலும் சதுரங்கப்பட்டினத்திலும் திருக்கழுக்குன்றத்திலும், காதால் கேட்டே இஞ்சினின் நோயைச் சொல்லிவந்த மெக்கானிக்குகள் இந்தப் பெட்டியின் முன் கைகட்டி நிற்க வேண்டியிருக்கிறது. அவர்களுடைய பிழைப்பைப் பற்றித்தான் நான் பேச வருகிறேன். பந்தயம் அதற்கு ஒரு நல்ல பாடசாலை.

பந்தயத்துக்கும் நம் மண்ணுக்கும் உறவு பழையது. 1953-இல் தோன்றிய சென்னை மோட்டார் விளையாட்டுக் கழகம் பல்லாண்டுகள் போட்டி நடத்திய சோழவரம் விமான ஓடுதளமும், 1990-இல் திறக்கப்பட்ட இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தளமும் அந்நாளைய செங்கல்பட்டு மாவட்டத்திலேயே இருந்தன. இவ்வளவு அருகில் இருந்தும் அந்த வித்தை நம் வகுப்பறைக்குள் எட்டிப் பார்க்கவில்லை.

தொழிற்சாலை வைத்து அனுப்பும் இ.சி.யு. பூட்டிய பெட்டி. டர்போ பொருத்தியோ, காம் ஷாப்டை மாற்றியோ இஞ்சினின் இயல்பைத் திருத்துகிறவன், தானே திறந்து கணக்கை மாற்றக்கூடிய வேறொரு பெட்டியை நாடுகிறான். ஆஸ்திரேலியாவின் ஹால்டெக், மோடெக் ஆகியவை விலை மிக்கவை. அமெரிக்கர் இருவர் வடிவமைத்த மெகாஸ்குவர்ட்டை, பற்றவைக்கும் கோலும் பொறுமையும் உள்ள எவனும் தானே கோத்துக்கொள்ளலாம். பெங்களூரில் உருவாகும் பவர்ட்ரானிக், மூலப் பெட்டியை எடுத்து எறியாமல் அதன் மேல் சவாரி செய்து குறிகளைத் திருத்துவது. எதுவாயினும் உள்ளே இருப்பது ஓர் அட்டவணை. இத்தனை சுற்றில், இத்தனை பளுவில், இவ்வளவு பெட்ரோல், இந்த நேரத்தில் பொறி. இதைத்தான் 'மேப்' என்கிறார்கள்.

இங்கேதான் என் கருத்து வேறுபாடு தொடங்குகிறது. வண்டி இருமினாலும், கரும்புகை கக்கினாலும், உடனே மடிக் கணிப்பொறியைத் திறந்து மேப்பைத் திருத்த உட்காருகிறார்கள் நம் இளைஞர்கள். என்னைக் கேட்டால், மேப் கடைசியாகச் சந்தேகிக்க வேண்டிய பொருள். நோய் பெரும்பாலும் ஒயரில் இருக்கும், எர்த்தில் இருக்கும், அதிலும் நம் கடற்கரையில் உப்புக் காற்றில் இருக்கும்.

ஓர் எடுத்துக்காட்டு. குளிர்நீரின் சூட்டை அளக்கும் சென்சார் ஒரு தெர்மிஸ்டர். சூடு ஏற ஏற அதன் மின்தடை குறையும். பரவலாக உள்ள ஒரு வகையில் 20 டிகிரியில் சுமார் 2,500 ஓம், 80 டிகிரியில் 300 ஓமுக்குச் சற்று அதிகம். கல்பாக்கம் காற்றில் நிற்கும் வண்டியின் கனெக்டரில் பச்சை பூத்து, அங்கே ஒரு 500 ஓம் கூடிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். கொதிப்பை நெருங்கும் இஞ்சினை, இன்னும் 50 டிகிரியில்தான் இருக்கிறது என்று பெட்டி நம்பும். குளிர்ந்த இஞ்சினுக்கு உரிய கூடுதல் பெட்ரோலைத் தெளித்துக்கொண்டே இருக்கும். புகை வராமல் என்ன செய்யும்? மேப்பில் பெட்ரோலைக் குறைத்தால் புகை நிற்கும்தான். பிறகு யாரேனும் கனெக்டரைத் துடைத்த அன்று, அந்த இஞ்சின் பெட்ரோல் பற்றாமல் ஓடும். பளுவேறும்போது பிஸ்டனே உருகலாம்.

நம் அண்டையிலுள்ள அணுமின் நிலையத்தில், உலையை நிறுத்தும் பாதுகாப்பு அமைப்பு ஒரே அளவை மூன்று தனித் தடங்களில் பார்த்து, இரண்டு ஒத்துச் சொன்னால் செயல்படும். காரில் நீர்ச் சூட்டுக்கு இருப்பது பெரும்பாலும் ஒரே சாட்சி. இரண்டாம் சாட்சியாக மல்டிமீட்டருடன் மனிதன்தான் நிற்க வேண்டும்.

புகைக்குழாயில் பொருத்தும் லாம்டா சென்சாரின் கதை இன்னும் விசித்திரமானது. பெட்ரோல் முற்றும் எரிய, எடையில் ஒரு பங்குக்கு 14.7 பங்கு காற்று வேண்டும். இந்த விகிதத்தைச் சென்சார் நேரே காண்பதில்லை. எரிந்தபின் மிஞ்சிய ஆக்சிஜனைத்தான் காண்கிறது. பிளக் கெட்டு ஒரு சிலிண்டரில் பொறி தவறினால், எரியாத காற்று அப்படியே வெளியேறும். சென்சார், "பெட்ரோல் போதவில்லை" என்று சொல்லும். அதை நம்பிப் பெட்ரோலைக் கூட்டினால் பிளக் நனைந்து, பொறி மேலும் தவறும். கருவி பொய் சொல்லவில்லை. அது எதைச் சொல்கிறது என்பது கேட்டவனுக்குத் தெரியவில்லை, அவ்வளவே. வள்ளுவர் மருந்து அதிகாரத்தில் மருத்துவனுக்கு வகுத்த ஒழுங்கு மெக்கானிக்குக்கும் உரியது என்பது என் துணிபு.

புதுப் பெட்டி பொருத்தியவுடன், திரையில் 10 டிகிரி என்று காட்டும் பொறி நேரம் கிராங்கிலும் 10 டிகிரிதானா என்று டைமிங் லைட் பிடித்துப் பார்க்க வேண்டும். பலர் இதைச் செய்வதில்லை. இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் மேப்பில் எழுதும் அத்தனை எண்ணும் பொய்க்கணக்கு.

இனி ஒரு கசப்பான செய்தி. திருத்திய மேப்பைச் சோதிக்கும் களமாகக் கிழக்குக் கடற்கரைச் சாலையைச் சிலர் ஆக்கிக்கொண்டிருக்கிறார்கள். மீன் கூடையோடு விடியற்காலையில் சாலையைக் கடக்கும் தாய்மாருக்கு இவர்களுடைய அட்டவணையைப் பற்றி என்ன தெரியும்? பொதுச் சாலையில் பந்தயம் விடுவதை 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 189-ஆம் பிரிவு குற்றம் என்கிறது. பதிவேட்டில் உள்ள மூல விவரங்களுக்கு மாறாக வண்டியைத் திருத்துவதை 52-ஆம் பிரிவு தடுக்கிறது. சட்டம் இருக்கட்டும், சோதனை என்ற முறையிலும் அது மட்டமான சோதனை. ஒரே பளுவில், ஒரே சுற்றில் இஞ்சினை நிறுத்திப் பிடித்து அளக்க டைனமோமீட்டர் உருளைதான் உதவும். சாலையில் மேடும் காற்றும் நொடிக்கு நொடி மாறுகின்றன. பந்தயத் தளத்தில் ஓட்டுகிறவனைக் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

பேராசிரியப் பெருமக்களுக்கு ஒரு விண்ணப்பம். இந்தப் பெட்டிகளின் கையேடுகள் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே இருக்கின்றன. பத்தாம் வகுப்போடு ஒர்க்ஷாப்புக்குப் போன நம் தம்பிமார்கள், புரியாத சொற்களுக்கு நடுவே ஊகத்தால் பொத்தானை அமுக்குகிறார்கள். தமிழில் நாற்பது பக்கத்தில் ஒரு கையேடு எழுத நம் இயற்பியல், கணிப்பொறியியல் துறைகளால் முடியாதா? ஆய்வகத்தில் நாம் மதிப்பெண்ணுக்காகச் செய்யும் தெர்மிஸ்டர் சோதனை வேறு, காரின் சூட்டுச் சென்சார் வேறு அல்ல. விடுமுறை நாள் ஒன்றில் இவ்வட்டார மெக்கானிக்குகளை அழைத்து, பழுதாகிக் கழற்றிப் போட்ட ஒரு சென்சாரை வெந்நீர்க் குவளையில் இட்டு, வெப்பமானியும் ஓம் மீட்டருமாக அந்தச் சோதனையை அவர்கள் கையாலேயே செய்யச் சொல்லலாம். குவளையும் மீட்டரும் ஆய்வகத்தில் இருக்கின்றன. சென்சாரை அவர்கள் கொண்டுவருவார்கள்.