வண்டி ஓடுகிறது, முதல் என்ன ஆனது?

மேட்டுப்பாளையம் டிரக் டெர்மினல் பக்கம் கணக்கு எழுதிப் பிழைப்பவன் நான். ஒற்றை லாரி வைத்திருப்பவர்கள்தான் அதிகம் வருவார்கள். லாபம் எவ்வளவு என்று கேட்டால், “டியூ தவறாம கட்டுறேன் சார், வீடும் ஓடுது” என்பார்கள். அது பதிலே இல்லை என்பது என் கட்சி.

வருமான வரிச் சட்டமும் அவர்களை நெடுநாளாகக் கேட்காமலே விட்டிருக்கிறது. 12 டன்னைத் தாண்டிய வண்டிக்கு டன்னுக்கு மாதம் 1,000 ரூபாய் வருமானம் என்று அதுவே வைத்துக்கொள்ளும். 16 டன் லாரி என்றால் ஆண்டுக்கு 1,92,000. புத்தகம் வேண்டாம். ‘அவ்வளவு வரவில்லை’ என்று சொல்வதாக இருந்தால்தான் கணக்குப் புத்தகமும் தணிக்கையும் வேண்டும். வசதிதான். அதற்காக முதலாளியுமா கேட்காமல் இருப்பது?

ஒரு தாள் போதும். இருப்பதைக் கூட்டி, கொடுக்க வேண்டியதைக் கழித்தால் மிஞ்சுவது முதல். ஒருவருக்குப் போட்டதைத் தோராயமாகச் சொல்கிறேன். ஏப்ரல் 1இல் லாரி 20 லட்சம், வாடகை பாக்கியும் ரொக்கமும் 3 லட்சம். ஃபைனான்ஸ் கடன் 14, டீசல் பங்க், டயர் கடை பாக்கி 1. ஆக, முதல் 8 லட்சம். அடுத்த மார்ச் 31இல், 30 சதவீதத் தேய்மானம் போக லாரி 14, பாக்கியும் ரொக்கமும் 6; கடன் 10.5, கடை பாக்கி 2.5. முதல் 7 லட்சம்.

அப்படியானால் 1 லட்சம் நஷ்டமா? இல்லை. வீட்டுச் செலவுக்கு எடுத்த 4 லட்சத்தைக் கூட்ட வேண்டும். மனைவியின் நகையை விற்றுப் போட்ட 2 லட்சத்தைக் கழிக்க வேண்டும். (அடகு வைத்திருந்தால் அது கடன் பக்கம் போயிருக்கும்.) அப்போது வரும் 9இல் தொடக்க முதல் 8 போனால் லாபம் 1 லட்சம். எடுத்ததோ 4 லட்சம். வீடு பாதி நகையில் ஓடியிருக்கிறது. ப்ளஸ் டூ வணிகவியல் பிள்ளைகள் படிக்கிற கணக்குதான் இது. லாரி ஷெட்டுக்கு மட்டும் வந்து சேரவில்லை.

புத்தகம் வைத்துவிட்டால் எல்லாம் யோக்கியம் என்றும் நான் சொல்லவில்லை. 2009 ஜனவரி 7இல் சத்யம் கம்ப்யூட்டர்ஸ் தலைவர் ராமலிங்க ராஜு எழுதிய ஒப்புதல் கடிதத்தைப் பாருங்கள். ரொக்கம், வங்கி இருப்பில் 5,040 கோடி பொய். காட்டாமல் விட்ட கடன் 1,230 கோடி. சொத்தை ஊதி, கடனை ஒளித்தால் நடுவில் முதல் தானாக வீங்கும். ஐந்தொகையோ இரு பக்கமும் கச்சிதமாகச் சமமாகவே நிற்கும். அதனால் வாய்க்கணக்கை நான் ஏற்பதில்லை. ஃபைனான்ஸ் கம்பெனியின் ஸ்டேட்மென்ட், பங்க் நோட்டு, புக்கிங் ஆபீஸ் பாக்கிச் சீட்டு மூன்றும் மேசைக்கு வர வேண்டும்.

இரண்டாவது வண்டிக்கு முன்பணம் கட்டக் கிளம்பியிருப்பவர்கள் அந்த மூன்றையும் எடுத்துக்கொண்டு ஷோரூமுக்குப் போவதற்கு முன் கணக்குப்பிள்ளையிடம் போகட்டும். அரை மணி நேர வேலை.