வேரால் வாயு உண்ணும் பூண்டு

செடிகொடிகள் கரியமில வாயுவை இலைகளின் வாயிலாகவே உட்கொள்ளுகின்றன என்று வகுப்பில் பல ஆண்டுகளாகக் கற்பித்து வருகிறேன். அந்தப் பாடத்திற்கு மறுப்புச் சொல்லும் சிறு பூண்டு ஒன்று ஸ்காட்லாந்து, நார்வே, ஸ்வீடன் முதலிய வடதேசங்களின் ஏரிகளில் ஜலத்தினடியில் வளர்கிறது. ஆங்கிலேயர் அதைக் 'குவில்வொர்ட்', அதாவது இறகுப் பூண்டு, என்பர். இறகுப் பேனாக்களைக் கொத்தாக மணலில் நட்டு வைத்தாற்போல இருக்கும். உயரம் அரையடிக்குச் சற்று முன்பின். பூவும் இல்லை, விதையும் இல்லை. இலையின் அடிப்பாகத்திலுள்ள சிறு பையில் ஸ்போர் என்னும் நுண்தூள் விளைகிறது. வம்ச விருத்தி அதனாலேதான். 1753-ல் லின்னேயஸ் இதற்கு 'ஐசோயெட்டிஸ் லகஸ்ட்ரிஸ்' என்று நாமகரணம் செய்தார். ஆண்டு முழுவதும் ஒரே தன்மையாக இருப்பது என்பது முதற் சொல்லின் கருத்து. பனிக்காலத்திலும் இது பசுமை மாறுவதில்லை.

இது வாழும் ஏரிகளின் ஜலம் ஸ்படிகம் போன்றது. அத்தெளிவிற்குக் காரணம் அதில் சத்து இல்லாமையே. கரைந்துள்ள கரியமில வாயுவும் சொற்பம். ஆனால் அடிமண்ணில் மக்கும் பொருள்களிலிருந்து அவ்வாயு உண்டாகிறது. பூண்டு அதை வேரினால் உறிஞ்சி, இலைக்குள் நீளவாக்கில் ஓடும் 4 குழாய்களின் வழியே மேலேற்றிக்கொள்ளுகிறது. இரவிலும் வாயுவைச் சேகரித்து அமிலமாக்கி வைத்துக்கொண்டு, பகல் வெளிச்சத்தில் அதைக் கொண்டு உணவு சமைக்கிறது. இது பாலைவனக் கள்ளியின் வித்தையல்லவா? கள்ளி ஜலத்தை மிச்சப்படுத்தச் செய்வதை, ஜலத்திலேயே மூழ்கிக் கிடக்கும் பூண்டு ஏன் செய்ய வேண்டும்? வாயுப் பஞ்சமே காரணம். இப்பூண்டின் கலிபோர்னியா உறவு ஒன்றில் இவ்வித்தையைக் கண்டு 1981-ல் வெளியிட்டவர் அமெரிக்க சாஸ்திரி ஜான் கீலி.

குலமோ மிகப் பெரியது. சுமார் 30 கோடி ஆண்டுகளுக்கு முன், நிலக்கரி யுகத்தில், 100 அடி ஓங்கி நின்ற லெப்பிடோடெண்ட்ரான் மரங்கள் இதன் சுற்றத்தார். மரங்கள் கரியாயின, பூண்டு மிஞ்சியது. நம் சோழமண்டலக் கரையின் பெயர் தாங்கிய 'ஐசோயெட்டிஸ் கோரமண்டலினா'வும் இக்குடும்பத்ததே.

பஞ்சத்தைப் பொறுத்த இப்பூண்டு செழிப்பைப் பொறுப்பதில்லை. வயல்களின் உரமும் ஊர்ச் சாக்கடையும் ஏரியில் கலந்தால் பாசி பெருகி ஜலம் கலங்குகிறது; வெளிச்சம் அடிவரை எட்டுவதில்லை. ஐரோப்பாவின் பல ஏரிகளிலிருந்து இது இப்படியே மறைந்து போயிற்று. ஜெர்மனியின் கருங்காட்டுப் பிரதேசத்திலுள்ள பெல்ட்ஸே ஏரியில் இதுவும் இதன் நெருங்கிய உறவு ஒன்றும் எஞ்சியுள்ளன. அவற்றை முன்னிட்டு அங்கே நீராடத் தடை விதித்திருக்கிறார்கள். சந்தையில் காலணா பெறாத பூண்டுக்காக, கோடையில் வருவோர் கரையில் நின்று ஜலத்தைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.