பெயர் எழுதப்படாத நிழற்படங்கள்



சென்ற ஆண்டு நம் பள்ளியில் நடைபெற்ற பழம்பொருட் கண்காட்சிக்கு மாணவர்கள் தத்தம் இல்லங்களிலிருந்து பற்பல பொருள்களைக் கொணர்ந்தனர். பித்தளைச் செம்பு, பால்மரம் சீவும் உளி, மங்கு, அரிக்கன் விளக்கு முதலியன மேசையை நிறைத்தன. ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி நிழற்படம் ஒன்றைக் கொண்டுவந்தாள். மஞ்சளேறி, ஓரங்கள் பூச்சியரித்த அப்படத்தில், பால் கொட்டகையின் முன் பதினொருவர் வரிசையாக நிற்கின்றனர். தலையில் துண்டு, கையில் வாளி, காலில் செருப்பில்லை.

“இவர்களெல்லாம் யாரம்மா?” என்று வினவினேன்.

“பாட்டிக்குத்தான் தெரியும் ஐயா. பாட்டி இறந்துவிட்டார்” என்றாள்.

படத்தைத் திருப்பிப் பார்த்தேன். பின்புறம் வெறுமையாக இருந்தது. அந்தப் பதினொருவரும் அன்று என் கண்முன்னே இரண்டாம் முறை இறந்தனர் என்றே எனக்குத் தோன்றிற்று.

வரலாற்றில் அரிய நிழற்படங்கள் பல உள்ளன. ஆயினும் ஒரு படம் அரியதாவது அது பழமையானது என்பதனால் மட்டுமன்று. அதிலிருப்பவர் யார், எங்கே, எப்போது என்று சொல்ல ஒரு குறிப்பு இருப்பதனாலேயே அது வரலாறாகின்றது. குறிப்பில்லாத படம் வெறும் தாளே. இஃது என் உறுதியான கருத்து.

இதற்குச் சான்றாக ஓர் ஆசிரியரின் கதையைச் சொல்வேன். அமெரிக்காவின் நியூயார்க் நகரில் பள்ளி ஆசிரியராயிருந்தவர் லூயிஸ் ஹைன். அவர் 1908-ஆம் ஆண்டு முதல் நூற்பாலைகளிலும் சுரங்கங்களிலும் உழைத்த சிறுவர் சிறுமியரைப் படமெடுத்தார். ஆலை முதலாளிகள் அறியாவண்ணம் சட்டைப் பையினுள் கைவிட்டுக் குறிப்பெழுதினார். தம் சட்டைப் பொத்தான்களை அளவாகக் கொண்டு குழந்தைகளின் உயரத்தைக் கணித்தார். தென் கரோலினா மாநிலத்து நூற்பாலையில் அவர் எடுத்த ஒரு படத்தின் குறிப்பில், சிறுமியின் பெயர் சேடி என்றும், உயரம் 48 அங்குலம் என்றும், அவள் அரையாண்டாக வேலை செய்கின்றாள் என்றும் எழுதியுள்ளார். அத்தகைய படங்கள் மக்களின் மனச்சான்றை உலுக்கின. 1938-ஆம் ஆண்டு அந்நாட்டில் சிறுவர் உழைப்பைக் கட்டுப்படுத்தும் சட்டம் இயற்றப்பட்டமைக்கு அவையும் ஒரு காரணமாயின. ஏழைச் சிறுமியின் பெயரை ஓர் ஆசிரியர் எழுதிவைத்ததால் விளைந்த பயன் இது.

நம் நாட்டின் பக்கம் திரும்புவோம். சுமத்திராவின் மேடான் நகரில் நிழற்பட நிலையம் நடத்திய ஜெர்மானியர் கிளைன்குரோத் என்பார், 1907-ஆம் ஆண்டளவில் மலாயாவைப் பற்றிய படத்தொகுதி ஒன்றை வெளியிட்டார். அக்காலத்து அஞ்சலட்டைகளிலும் நம் மூதாதையரின் உருவங்கள் அச்சாயின. ஆனால் அவ்வட்டைகளின் கீழே “தமிழ்க் கூலிகள்” என்று மட்டுமே எழுதினர். ஒருவருக்கும் பெயரில்லை, ஊரில்லை, தாய் தந்தையரில்லை. காடு திருத்தி, இரப்பர் கன்று நட்டு, இந்நாட்டைச் செல்வ நாடாக்கிய கைகள் அவை. கைகளைப் படமெடுத்தவர்கள் அக்கைகளுக்குரிய பெயரைக் கேட்கவில்லை.

இதனினும் கொடிது சயாம் மரண ரயில் பாதையின் கதை. ஜப்பானியர் 1942-ஆம் ஆண்டு தொடங்கி 1943-ஆம் ஆண்டு அக்டோபரில் முடித்த அப்பாதையின் நீளம் 415 கிலோமீட்டர். அங்கே ஏறத்தாழ 60,000 போர்க்கைதிகள் வேலை செய்தனர். 12,000-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஆசியத் தொழிலாளர்களோ 1,80,000-க்கும் மேற்பட்டவர்கள். அவர்களுள் 90,000 பேர் வரை மடிந்தனர் என்று மதிப்பிடப்படுகிறது. மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழர் அவர்களுள் பெருந்தொகையினர்.

ஆஸ்திரேலியப் படைவீரர் ஜார்ஜ் ஆஸ்பினால் ஒரு சிறு கோடாக் கருவியை ஒளித்துவைத்துச் சாங்கி முகாமிலும் அப்பாதையிலும் கைதிகளின் நிலையைப் படமெடுத்தார். அகப்பட்டால் உயிர் போகும் என்றறிந்தும் எடுத்தார். பின்னர் கருவியை அழித்தார், படங்கள் தப்பின. காஞ்சனபுரியிலுள்ள போர்க் கல்லறையில் ஏறத்தாழ 7,000 கைதிகள் துயில்கின்றனர். கல்லறைக் கற்களில் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. மடிந்த தமிழருள் மிகப் பெரும்பாலோர்க்குக் கல்லறையுமில்லை, நிழற்படமுமில்லை. அவர்கள் லயத்தில் விட்டுச்சென்ற பெண்டிரும் பிள்ளைகளும் சொன்ன சொல்லே அவர்களின் வரலாறு. சொன்னவர்களும் மறைந்துகொண்டிருக்கின்றனர்.

1948-ஆம் ஆண்டு அவசர காலத்தில் 12 வயதுக்கு மேற்பட்ட அனைவர்க்கும் படத்துடன் கூடிய அடையாளக் கார்டு வழங்கப்பட்டது. நம் பாட்டன் பாட்டியருள் பலருக்கு வாழ்வில் முதன்முதல் எடுக்கப்பட்ட படம் அதுவாகவே இருந்திருக்கும். எவரும் காணத் தவறிய நம்மவர் முகங்களை அரசாங்கத்தின் கருவி அன்று கண்டது.

“பழைய படத்தை வைத்துக்கொண்டால் சோறு வெந்துவிடுமா?” என்று கேட்போர் உளர். சோறு வேகாது, உண்மைதான். ஆனால் கோலசிலாங்கூர் வட்டாரத்தைச் சற்றே எண்ணிப் பாருங்கள். பெஸ்தாரி ஜெயா, புக்கிட் ரோத்தான், ஈஜோக் என எங்கு நோக்கினும் பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. செம்பனையும் போய்ப் பல இடங்களில் வீடமைப்பு வந்தது. லயங்கள் இடிபடும்போது லாரியில் கட்டிலும் அலமாரியும் ஏறுகின்றன. சுவரில் தொங்கிய படமோ குப்பையிலே விழுகின்றது. தோட்டமும் கோயிலும் பெரட்டுக் களமும் இருந்த இடம் தெரியாமற் போனபின், நாம் அங்கு வாழ்ந்தோம் என்பதற்கு எஞ்சும் சான்று எது?

ஆதலின் பெற்றோரை வேண்டிக்கொள்வது யாதெனில், இந்த விடுமுறையில் வீட்டிலுள்ள பழைய படங்களை எடுத்து முதியோர் முன் வையுங்கள். “இவர் யார்? எந்தத் தோட்டம்? எந்த ஆண்டு?” என்று கேளுங்கள். படத்தின் பின்புறம் மென்மையான பென்சிலால், அழுத்தாமல் எழுதுங்கள். பசை தடவி ஒட்டாதீர்கள். ஈரமும் வெயிலும் படாமல் உறையிலிட்டு வையுங்கள். கைப்பேசியில் படியெடுத்துப் பள்ளிக்கும் ஒன்று தாருங்கள். அவற்றைத் தொகுத்துக் காக்கும் பொறுப்பைப் பள்ளி ஏற்கும்.

மாணவச் செல்வங்களே! இம்மலரில் உங்கள் வகுப்புப் படங்களும் உள்ளன. ஒவ்வொன்றின் கீழும் இடமிருந்து வலமாக அனைவர் பெயரையும் விடாது அச்சிட்டுள்ளோம். அதற்காக இரண்டு பக்கங்கள் கூடின, செலவும் கூடிற்று. ஆயினும் ஐம்பது ஆண்டுகள் கழித்து எவரேனும் இம்மலரைத் திறந்தால், “இவர் யார்?” என்று கேட்க நேராது.

அந்தப் பதினொருவருள் ஒருவரையேனும் அடையாளங் காணக்கூடியவர் இதனைப் படித்தால், பள்ளிக்கு வாருங்கள். படம் அலுவலகத்தில் உள்ளது. பின்புறம் இன்னும் வெறுமையாகவே இருக்கின்றது.